குழந்தைகளுக்கு வாந்தி: முதல் பத்து நிமிடத்திலிருந்து முழுக் குணம்வரை

என் இளைய மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரே இரவில் ஒன்பது முறை வாந்தி எடுத்தான். ஒவ்வொரு முறையும், வயிறு காலியாகிவிட்டதே, பிள்ளைக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவனும் ஆவலாகக் குடித்தான். பத்தே நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்தது. விடிவதற்குள் கண் குழிந்து என் தோளில் துவண்டுவிட்டான். ட்ரிப்ஸ் ஏற்றத்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்த செவிலியர் ஊசியை எடுக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலையும், மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி மூடியையும் என் கையில் கொடுத்தார். "ஒரு மூடி கொடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு இன்னொரு மூடி. அவன் அழுது கேட்டாலும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்" என்றார். நான்கு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மதியம் அவன் சிறுநீர் கழித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

வாந்தியை உடனே நிறுத்திவிட வேண்டும் என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். ஆனால் நம் கையில் இருக்கும் வேலை இரண்டு: உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, வாந்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கவனிப்பது. இந்த இரண்டையும் வீட்டில் எப்படிச் செய்வது என்று அடுத்தடுத்துச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

வாந்தி வரும்போது குழந்தையை மல்லாந்து படுக்க விடாதீர்கள். உட்கார வைத்து முன்னால் குனியச் செய்து, நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் உடனே ஒருக்களித்துத் திருப்புங்கள். வாயிலும் மூக்கிலும் இருப்பதை மெல்லிய துணியால் துடையுங்கள். பதறிப்போய்த் தூக்கிக் குலுக்க வேண்டாம். வாந்திக்குப் பிறகு அயர்ந்து தூங்கும் பெரிய குழந்தையையும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்து, முகம் துடைத்து, சட்டையை மாற்றுங்கள். படுக்கையைப் பாழாக்கிவிட்டாயே என்று ஒரு சொல்கூடச் சொல்லாதீர்கள். வாந்தி எடுக்கும் குழந்தை மிகவும் பயந்திருக்கும். அடுத்த பத்து நிமிடத்துக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு தாளில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று யோசித்து அதையும் எழுதுங்கள். இந்தத் தாள் பிறகு பெரிதும் உதவும்.

வாந்தியின் நிறத்தைப் பாருங்கள்

அருவருப்பாக இருந்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். சாப்பிட்டது அப்படியே வந்தாலோ, பால் திரிந்து தயிர்போல வந்தாலோ, வெறும் நுரையாக வந்தாலோ, நிறத்தை வைத்து மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. பலமுறை எடுத்து வயிறு காலியான பிறகு இளமஞ்சளாகவும் கசப்பாகவும் வருவது உண்டு.

பச்சை அப்படியல்ல. அரைத்த கீரைபோலக் கரும்பச்சையாக வந்தால், குடலில் எங்கோ அடைப்பு இருக்கலாம். பித்தநீர் கீழே போக வழியில்லாமல் மேலே திரும்புகிறது என்று பொருள். பிறந்து சில நாட்களோ வாரங்களோ ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தாலும், அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே குடல் சரியான இடத்தில் அமையாமல் போயிருக்கும். அது பிறகு முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடலே அழுகத் தொடங்கிவிடும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

சிவப்பாகவோ காபித் தூள் நிறத்திலோ வந்தால் அது இரத்தமாக இருக்கலாம். மூக்கில் வடிந்த இரத்தத்தை விழுங்கியதாலோ, பால் கொடுக்கும் தாயின் மார்புக்காம்பு வெடித்திருப்பதாலோகூட இப்படி வரலாம். பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் சிவக்கும். ஆனால் காரணத்தை நீங்களே முடிவு செய்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தை: கக்கலா, வாந்தியா?

பால் குடித்து முடித்ததும் ஏப்பத்தோடு ஒரு வாய்ப் பால் வழிவதைக் கக்கல் என்கிறோம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வால்வு இன்னும் இறுகாததால் அது வருகிறது. மூன்று, நான்கு மாதத்தில் அதிகமாக இருக்கும். உட்காரப் பழகிய பிறகு குறையும். ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். எடை ஏறுகிறது, குழந்தை உற்சாகமாக இருக்கிறது என்றால் மருந்து தேவையில்லை. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால், அளவு கூடிப்போகிறதா என்று பாருங்கள். கக்குகிறதே என்று குப்புறப் படுக்க வைக்கவோ தலையணை வைக்கவோ கூடாது. தூக்கத்தில் மல்லாந்து படுப்பதுதான் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு.

இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள், குடித்த பால் முழுவதும் பீய்ச்சி அடித்து எட்டப்போய் விழுகிறது, வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடியும் பசித்து அழுகிறது, எடை ஏறவில்லை என்றால், இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைப்பிள்ளைக்கு, இது கூடுதலாக வருகிறது. ஸ்கேனில் தெரிந்துவிடும், சிறிய அறுவை சிகிச்சையில் முழுக் குணம் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பால்மாவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பொன்னான நாட்களை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை வரக்கூடியது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும். சில நிமிடத்தில் அடங்கி, வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடக்கும். கால் மணி, அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே அழுகை. இடையிடையே வாந்தி. தாமதித்தால் சளியும் இரத்தமும் கலந்து செந்நிற ஜெல்லிபோல மலம் போகும். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதன் அடையாளம் இது. சீக்கிரம் போனால் ஆசனவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். தாமதமானால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். ஜெல்லிபோன்ற மலம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விட்டுவிட்டு வரும் அந்த அழுகையே போதுமான அறிகுறி.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வாந்தியோடு காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்றாகவோ மூளைக்காய்ச்சலாகவோகூட இருக்கலாம். அந்த வயதில் வெளியே வேறு எதுவும் தெரியாது.

வாந்தியோடு வேறு என்ன வந்திருக்கிறது?

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வரும் வாந்தி பெரும்பாலும் வயிற்று வைரஸ்தான். முதலில் வாந்தி, சில மணி நேரத்திலோ மறுநாளோ வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல். வாந்தி ஒன்றிரண்டு நாளில் அடங்கும். பேதி ஐந்து முதல் ஏழு நாள்வரை இழுக்கும். ஒரு விருந்தில் சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் பலரும் வாந்தி எடுத்தால், அது உணவில் ஏற்கெனவே உருவாகியிருந்த நச்சு. வெளியிலேயே வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்துக் கொடுத்தால் வருவது இப்படிப்பட்டதுதான். சுடவைத்தாலும் அந்த நச்சு அழியாது.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இது: பேதி இல்லாத வாந்தியை அஜீரணம் என்று எளிதில் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு நாளைத் தாண்டியும் வெறும் வாந்தி மட்டும் தொடர்ந்தால் வயிற்றைத் தாண்டி யோசிக்க வேண்டும்.

முதலில் தொப்புளைச் சுற்றி வலி, பிறகு வாந்தி, சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது, பிள்ளை குனிந்து நடக்கிறது, குதிக்கச் சொன்னால் மறுக்கிறது. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலி முந்தியா, வாந்தி முந்தியா என்று மருத்துவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் பிள்ளை அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லி வாந்தி எடுத்தால், கூச்சம் பார்க்காமல் கால்சட்டையை இறக்கிப் பாருங்கள். விதை முறுக்கிக்கொண்டு வீங்கியிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் வெட்கப்பட்டு இடத்தைச் சொல்ல மாட்டார்கள். தொடை இடுக்கில் குடலிறக்கம் இறுகிக்கொண்டாலும் வாந்தி வரும்.

காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, நாள் போகப்போகச் சரியாகிறது, மறுநாள் காலையில் மறுபடியும் அதே. இப்படி ஓரிரு வாரம் நடந்தால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று அடித்துவிடாதீர்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை வாந்தியோடு சேர்ந்தால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு ஒருமுறைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ உடனே மருத்துவமனை.

சில வாரங்களாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, இரவிலும் எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கிறது, உடம்பு இளைத்துவிட்டது, இப்போது வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை. இது குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் முற்றிய நிலை. நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறையத்தான் வேண்டும். இங்கே வாந்தியும் இருக்கிறது, சிறுநீரும் தாராளமாகப் போகிறது. அந்தப் பொருத்தமின்மையைக் கண்டுகொண்டால் ஓர் உயிர் பிழைக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். நீங்களே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் நம் ஊரில் காய்ச்சலோடு வாந்தி என்றால் டெங்குவை மறக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நாம் மூச்சு விடும்போது, ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் என்று தொடங்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். பசியே இல்லாமல் வாந்தி எடுத்து, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் அது மஞ்சள் காமாலையின் தொடக்கமாக இருக்கலாம். இருமி இருமி முடிவில் வாந்தி வருவதற்கு மூல காரணம் நெஞ்சில் இருக்கிறது. வாந்தி மருந்தால் அது நிற்காது.

நீர் வற்றுகிறதா என்று பார்ப்பது எப்படி?

எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பதைவிட எத்தனை முறை சிறுநீர் போனது என்பதுதான் முக்கியம். கைக்குழந்தை ஆறு மணி நேரமாகவும், பெரிய குழந்தை எட்டு மணி நேரமாகவும் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் நீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயப்பர் போட்டிருந்தால் கழற்றித் துணி கட்டுங்கள். பேதியும் சிறுநீரும் கலந்துவிட்டால் ஒன்றும் புரியாது.

நாக்கைப் பாருங்கள், வறண்டிருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? (பிறந்து ஓரிரு மாதமே ஆன குழந்தைக்குச் சாதாரணமாகவே கண்ணீர் வராது என்பதை நினைவில் வையுங்கள்.) உச்சிக்குழி அமுங்கியிருக்கிறதா? வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள்; உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், மெதுவாகத் திரும்பினால் நீர் குறைந்திருக்கிறது. குழந்தை எரிச்சலாக அழுது தண்ணீர் கேட்கும்வரை நம் கையில் நேரம் இருக்கிறது. அழுவதை நிறுத்தி, துவண்டு, குடிக்கவும் மறுத்தால் அந்த நேரம் முடிந்துவிட்டது. "அப்பாடா, தூங்குகிறது" என்று நினைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஓ.ஆர்.எஸ்.: கலக்குவதும் கொடுப்பதும்

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு ட்ரிப்ஸ் பாட்டில் போதவில்லை. மருத்துவர் திலிப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. மூடியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் அந்த முகாமில் தொடங்கிய வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அது வேலை செய்யும் விதம் எளிது. குடல் சுவரில் குளுக்கோசும் உப்பும் ஜோடியாகத்தான் உள்ளே போகும் ஒரு வாசல் இருக்கிறது. நோயுற்ற குடலிலும் அந்த வாசல் திறந்தே இருக்கும். உப்பு போகும் இடத்துக்கு நீரும் பின்தொடரும். அதனால்தான் அளவு முக்கியமாகிறது. சர்க்கரை அதிகமானால் நீர் உடம்புக்குள் போவதற்குப் பதிலாகக் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி கூடும். குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், வெறும் குளுக்கோஸ் தண்ணீர் மூன்றையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

பாக்கெட்டில் எத்தனை மில்லிக்கு என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை நீரை அளந்து முழு பாக்கெட்டையும் கொட்டுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு; சிறியது 200 மில்லிக்கு. ஒரு டம்ளர் நீரில் பெரிய பாக்கெட்டிலிருந்து ஒரு கரண்டி போடுவது பெருந்தவறு. உப்பு கூடிப்போனால் ஆபத்து. காய்ச்சி ஆறிய நீராக இருக்கட்டும். கலக்கிய பிறகு சூடாக்கக் கூடாது, சர்க்கரையோ பாலோ சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பாக்கெட்டே கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அந்தப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும். வீட்டில் எப்போதும் குறைந்தது இரண்டு பாக்கெட்டாவது இருக்கட்டும்.

இனிக் கொடுக்கும் முறை. வாந்தி எடுத்துப் பத்து நிமிடம் ஆனதும் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. இது மிகக் குறைவு என்று மனம் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால் இரைப்பை விரிந்து மீண்டும் தள்ளிவிடும். இடையில் வாந்தி வந்தால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தி எடுத்தாலும் ஒரு பகுதி உள்ளே தங்கியிருக்கும். ஒரு மணி நேரம் தங்கினால் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பாலாடையிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ கன்னத்தின் உட்புறமாக விட்டால் கைக்குழந்தை விழுங்கும்.

நீர் வற்றிய அறிகுறி தெரியும் குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்பது மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. இதைச் சுகாதார நிலையத்தில், பார்வையின்கீழ் செய்வதே நல்லது. அறிகுறி இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை எந்தக் கட்டத்திலும் நிறுத்த வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாக முடியாது.

எப்போது சாப்பாடு?

"லங்கணம் பரம ஔஷதம்" (பட்டினியே சிறந்த மருந்து) என்பார்கள். குழந்தைக்கு அது பொருந்தாது. அதன் உடம்பில் சேமிப்பு குறைவு. அதிக நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி இன்னும் துவளும், வாந்தியும் கூடும். நீர் தங்கத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் உணவைத் தொடங்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி, குழைத்த இரசம் சாதம், இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், பெரிய பிள்ளைகளுக்கு மோர் சாதம். வழக்கமான அளவில் பாதி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு முறை. பசிக்காத குழந்தையின் வாயில் திணிக்க வேண்டாம். பசி திரும்பியதும் ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

மருந்து

போன முறை எழுதிக்கொடுத்த வாந்தி மருந்து அலமாரியில் இருக்கும். எடுக்காதீர்கள். சில வாந்தி மருந்துகள், குறிப்பாக மெட்டோகுளோப்ரமைடு, குழந்தைகளுக்குக் கழுத்தை ஒரு பக்கம் இழுத்து, கண்ணை மேலே செருகவைத்துவிடும். பார்க்கும் பெற்றோர் வலிப்பு என்று அலறுவார்கள். ஒண்டான்செட்ரான் ஒரு வேளை கொடுத்தால் வயிற்று வைரஸ் வாந்தி தணிந்து ஓ.ஆர்.எஸ். தங்குவதற்கு உதவும் என்பது உண்மை. ஆனால் எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குடலடைப்பு இருக்கும் குழந்தைக்கு அது நோயை மறைத்துவிடும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. பேதி இருந்தால் துத்தநாகம் (ஜிங்க்) 14 நாள்: ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். பேதி நின்ற பிறகும் 14 நாளையும் முடிக்க வேண்டும். பலர் மூன்றாம் நாளிலேயே விட்டுவிடுகிறார்கள்.

காய்ச்சல் மருந்தைக் கொடுத்து 15 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவு மீண்டும் கொடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வேளைவரை பொறுங்கள். டெங்குக் காலத்தில் பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம்.

தொக்கம், உரம், குடல் ஏற்றம்

என் பாட்டியும் இந்தச் சொற்களோடுதான் எங்களை வளர்த்தார். அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தொண்டையில் சிக்கியதை எடுக்கிறேன் என்று ஊதுவதும், உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவதும், குடல் ஏறியது என்று வயிற்றைத் தட்டி நீவுவதும், குடல் செருகியிருக்கும் குழந்தைக்கோ குடல்வால் வீங்கியிருக்கும் பிள்ளைக்கோ நேரடித் தீங்கு. வயிற்று வைரஸ் வாந்தி எப்படியும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும் என்பதால் அந்தக் கைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. வசம்பு உரைத்து ஊற்றுவது, ஆறு மாதத்துக்குள் கிரைப் வாட்டர் கொடுப்பது, ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பது மூன்றும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. மூடியையும் கடிகாரத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். பொறுமையாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்ட அவர்களைவிட நல்ல ஆள் இல்லை.

விஷமும் கடியும்

மண்ணெண்ணெய், கழிவறை அமிலம், எலி மருந்து, அரளி விதை, தாத்தாவின் மாத்திரை என்று எதைத் தின்றிருந்தாலும் உப்புக் கரைசல் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்; அமிலம் மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும். மிச்சம் இருக்கும் டப்பாவோடு 108ஐ அழையுங்கள். பொம்மையின் பட்டன் பேட்டரியை விழுங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து வாந்தி எடுக்கிறது. சிறிது நேரத்தில் இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது. கட்டுவிரியன் கடித்திருக்கலாம். வலியும் இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. திடீர் வாந்தியோடு உடம்பெல்லாம் வியர்த்து கைகால் சில்லிட்டால் செந்தேள் கொட்டியிருக்கலாம். இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இருக்கிறது. கிராமத்து வீடுகளில் இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பேருந்திலும் காரிலும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை அபூர்வம். இரண்டு வயதுக்கு மேல் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் குறையும். முன் இருக்கைக்கு அருகில் உட்கார வைத்து, தூரத்தில் ஓரிடத்தைப் பார்க்கச் சொல்லி, ஜன்னலைத் திறந்து, கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரிக்கிழங்கும் வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயண மாத்திரை கொடுக்கக் கூடாது.

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல்

வாந்தியைத் துடைத்த இடத்தில் பிளீச்சிங் கரைசல் ஊற்றுங்கள். வயிற்று வைரஸ்கள் சிலவற்றைச் சானிடைசர் சரியாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். கடைசி வாந்தி பேதிக்குப் பிறகு இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். வாந்தி பேதி தரும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து 2016இல் இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது. 6, 10, 14 வாரங்களில் இலவசம். முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது

பச்சை வாந்தி, இரத்தம், துவண்டுபோதல், சிறுநீர் நின்றுபோதல், உப்பிய வயிறு, வலிப்பு, தலையில் அடி, நான்கு மணி நேரம் மூடி மூடியாகக் கொடுத்தும் எதுவும் தங்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். முன்பு எழுதிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எத்தனை முறை, முதலில் வந்தது வலியா வாந்தியா, கடைசியாகச் சிறுநீர் எப்போது, என்ன மருந்து எத்தனை மில்லி, கடைசியாகப் பார்த்த எடை எவ்வளவு. வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். மூடியை நிறுத்தாதீர்கள், ஆனால் வாந்தி பச்சையாக இருந்தாலோ வயிறு உப்பியிருந்தாலோ வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். பச்சை பட்ட துணியைத் துவைத்துவிடாமல் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; மருத்துவர் அந்த நிறத்தைத் தம் கண்ணால் பார்க்கட்டும்.